மௌனப்படத்துக்குப் பக்கம் திருப்பியவர்

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபத்தின் ஒலிபெருக்கி பழுதாகிப் போனதால்தான் நான் அறுபத்திரண்டாவது வயதில் சபையின் முன்னால் பியானோ வாசித்தேன். என் கணவரும் பக்கத்தில் இருந்தார். அவர் இருந்ததைப் பற்றித்தான் சொல்ல அதிகம் இருக்கிறது.

அழைத்தவர் என்னோடு பம்பலப்பிட்டியில் ஒரே பாடசாலையில் இருபது வருடங்கள் படிப்பித்த சிநேகிதி. நான் கணிதம், அவர் வரலாறு. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே இருப்பவர். தேவாலயப் பங்கிலுள்ள வயது போனவர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் தேநீரும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியும் ஒழுங்கு செய்வது அவருடைய பொறுப்பு. அந்த மாதம் படம் காட்டுவதாக அறிவித்திருந்தார். அறிவித்து இரண்டு நாளில் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து புகை வந்ததாம்.

"டீச்சர், ஊமைப்படம் ஒண்டு போட்டா சவுண்ட் சிஸ்டமே தேவையில்லத்தானே?" என்றார் தொலைபேசியில்.

"ஓம். ஆனா ஒரு சத்தமும் இல்லாட்டி எல்லாரும் நித்திரை கொண்டிடுவினம்."

"அதுக்குத்தான் உங்களுக்கு எடுத்தன். ஹோல்ல பழைய பியானோ ஒண்டு இருக்கு. நீங்க வாசிக்கிறீங்க."

வாசிப்பீர்களா என்று அவர் கேட்கவில்லை. பாடசாலையில் நேர அட்டவணை போட்டவர் அவர்தான். அப்போதும் இப்படித்தான், நமக்கு எந்த வகுப்பு என்பதை நமக்குச் சொல்லுவார், அவ்வளவுதான்.

நான் பெரிய வாசிப்புக்காரி இல்லை. சிறுமியாக இருந்தபோது ஐந்தாம் தரப் பரீட்சை வரை பியானோ படித்தேன். பிறகு க.பொ.த., பல்கலைக்கழகம், வேலை, பிள்ளைகள். ஓய்வுபெற்ற வருடம், தெஹிவளையில் ஒரு பறங்கி அம்மா மெல்பேணில் இருக்கும் மகனிடம் நிரந்தரமாகப் போவதாகவும் பியானோவை விற்கப் போவதாகவும் கேள்விப்பட்டுப் போய் வாங்கினேன். வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது நான்காவது மாடி. லிப்ட்டுக்குள் பியானோ போகவில்லை. ஆறு பேர் படியால் தூக்கி வந்தார்கள். என் கணவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எந்தக் கோணத்தில் சரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பாலங்கள் கட்டிய எஞ்சினியர். ஓய்வுபெற்ற பிறகு அவருக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

பியானோவோடு ஒரு ஸ்டூலும் வந்தது. இருக்கையைத் தூக்கினால் உள்ளே பெட்டி. அதற்குள் நிறைய இசைத்தாள்கள். "அதெல்லாம் என் மாமியுடையது. காலி செய்ய எனக்கு நேரமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னார். படங்கள் பேசத் தொடங்குவதற்கு முன், அந்த மாமி கொழும்பில் ஒரு படமாளிகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து பியானோ வாசித்தவராம்.

அந்தத் தாள்களில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, கதாநாயகியின் பெரிய படத்தோடு அட்டை போட்ட பாட்டுகள். சுரத்துக்குக் கீழே ஆங்கில வரிகளும் அச்சடித்திருக்கும். பேசாத படத்துக்கு எதற்குப் பாட்டு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு வாசித்து அறிந்தேன். கதாநாயகி திரையில் வரும்போதெல்லாம் பியானோக்காரர் அவளுக்கென்று எழுதிய மெட்டை வாசிப்பார். படம் பார்த்தவர்கள் அந்த மெட்டை மனதில் வைத்துக்கொண்டு போய், தாளை வாங்கி, வீட்டில் வாசித்துப் பாடுவார்கள். இப்போது படத்துக்கு முன்பே பாட்டு போனில் வந்துவிடுகிறது. அப்போது கடையில் தாளாக விற்றது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்ற வகை, காட்சிக்கான துண்டு இசை. மேலே "அவசரம்", "கள்வர்", "புயல்", "தாயின் துயரம்" என்று தலைப்பு. எந்தப் படத்தில் கள்வர் வந்தாலும் அதே கள்வர் இசைதான். ஓரங்களில் அந்த மாமி பென்சிலால் தனக்கென்று குறித்து வைத்திருந்தார். "இங்கே மேலே பார்." "நாய் ஓடும் வரை நிறுத்தாதே." ஓரிடத்தில், "முத்தம் நீளம். சோடா குடிக்கலாம்." அதை வாசித்துவிட்டு நான் தனியாக இருந்து சிரித்தேன்.

சிநேகிதி ஒரு பென் டிரைவில் படத்தை அனுப்பினார். எழுபது நிமிடம். ஒரு பேக்கரியில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றிய பகிடிப் படம். கேக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒல்லியான ஒருவன் அவளை விரும்புகிறான். அவளுக்கோ ஒரு பணக்காரத் தடியனோடு கலியாணம் நிச்சயமாகிறது. அந்தக் கலியாணத்துக்கு ஐந்து தட்டுக் கேக்கை ஊருக்குக் குறுக்கே சுமந்துபோக வேண்டியவன் நம்முடைய ஒல்லியன்தான். அந்தப் படத்துக்குரிய பாட்டு என் ஸ்டூலில் இல்லை. அதனால் வேறு ஏதோ படத்துக்கு எழுதிய பாட்டொன்றை அவளுக்குக் கொடுத்தேன். அட்டையில் கட்டை மயிர் வெட்டிய ஒரு பெண் நீல நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றிச் சுற்றி வரும் வோல்ட்ஸ் மெட்டு. வாசிக்கவும் சுலபம்.

படத்துக்கு ஏற்றபடி தாள்களை அடுக்கிப் பார்த்தேன். நாற்பத்தாறு பக்கம். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது யார் திருப்புவது? பியானோவுக்கு மேலே கணவரின் மடிக்கணினியில் படத்தை ஓடவிட்டு ஒத்திகை பார்த்தபோது, கள்வர் பக்கத்தைத் திருப்புவதற்குள் கள்வர்கள் களவெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இஞ்சேரும், இது சங்கீதப் பிரச்சினை இல்லை. இது ஒழுங்கமைப்புப் பிரச்சினை. நான் திருப்புறன்."

"உங்களுக்குச் சுரம் வாசிக்கத் தெரியாதே."

"சுரம் எனக்கெதுக்கு? நீர் தலையை ஆட்டும். நான் திருப்புவன்."

நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் தலையாட்டி அவர் உடனே ஒன்றைச் செய்வதாகச் சொன்னது அன்றுதான். விட மனமில்லை.

அவர் ஒரு பாலம் கட்டும் கவனத்தோடு இறங்கினார். பக்கங்களுக்குச் சிவப்புப் பேனாவால் இலக்கமிட்டார். மூலைகளில் ஒட்டுத்தாள் நாக்குகள் வைத்தார். மண்டபத்தில் மின்விசிறி இருக்கும், தாள் பறக்கும் என்று பல்கனிக் கொடியிலிருந்து உடுப்புக் கிளிப்புகளைக் கழற்றி வந்தார். முதல் நாள் ஒரேயடியாக இரண்டு பக்கம் திருப்பினார். இரண்டாம் நாள் எனக்கு இருமல் வந்ததைத் தலையாட்டல் என்று நினைத்துத் திருப்பினார். ஒரு கிழமைக்குள் கை பழகிவிட்டது. தலையாட்ட என் நாடி அரை அங்குலம் இறங்கினால் போதும், பக்கம் புரண்டுவிடும். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. திருப்பும்போது அவர் வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தாளையும் என் நாடியையும் மட்டுமே பார்த்தார். அந்தப் படத்தில் ஒரு காட்சியைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை.

ஒத்திகை நாட்களில் கீழ்மாடி அம்மாவை லிப்ட்டில் சந்தித்தேன். காலி வீதியில் புடைவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதா என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"இடைஞ்சல் இல்ல டீச்சர். ஆனா அந்தப் பூனை மாதிரி மெல்ல மெல்ல வர்ற பாட்டு ஈக்குதே, அத மட்டும் வெளிச்சம் போறத்துக்கு முந்தி வாசிச்சிருங்க. நேத்து எங்கட வீட்டுக்காரர் எழும்பிப் போய்க் கதவு பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வந்தார்."

அது கள்வர் இசை. நான் சொன்னதும் லிப்ட் கீழே போய்ச் சேரும் வரை சிரித்தார். கொட்டாஞ்சேனைக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை மூவரும் ஒரே ஓட்டோவில் போனோம். கணவர் நாற்பத்தாறு பக்கக் கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். புறக்கோட்டைச் சன நெரிசலில் ஓட்டோ நின்றபோதெல்லாம், "மல்லி, வேற பாதை இல்லையா?" என்று சாரதியைத் தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அவருக்கு வியர்க்கவில்லை.

மண்டபத்தின் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கும் ஒரு டியூட்டரியிலிருந்து இரவல் வாங்கிய புரொஜெக்டர். முன்சுவரில் வீட்டுச் சுவரளவு பெரிய வெள்ளைத் திரை. பியானோ திரைக்கு இடப்பக்கம் சாய்வாக நின்றது. அமுக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு கட்டை சத்தம் தரவில்லை. இன்னொன்று கீழே போனால் திரும்பி மேலே வரவில்லை. விரலால் கிளப்பிவிட வேண்டும். "அதையும் நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் கணவர்.

அறுபது பேர் வரை வந்திருந்தார்கள். தமிழர், சிங்களவர், தடி ஊன்றியவர்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள். எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் வரும் என்பதால் சிநேகிதி திரைக்குப் பக்கத்தில் நின்று முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் உரத்துச் சொன்னார். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் கத்திய தொண்டை. மைக் தேவைப்படவில்லை.

விளக்குகள் அணைந்தன. பேக்கரிக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் வந்தாள். நான் அவளுடைய மெட்டைத் தொடங்கினேன். முதல் ஐந்து நிமிடம் எனக்கு என் விரல்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பிறகு பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னும் பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வந்ததும் தோள் இளகியது. பக்கங்கள் அழகாகப் புரண்டன. கீழே போய் நின்ற கட்டையைக் கணவர் சுண்டுவிரலால் கிளப்பிவிட்டார். அரைவாசிப் படம் வரை எங்களைப் போல் ஒரு சோடி உலகத்தில் இல்லை.

பிறகு ஒல்லியன் ஐந்து தட்டுக் கேக்கைத் தோளில் தூக்கினான்.

நான் "அவசரம்" என்ற துண்டில் இருந்தேன். பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும் தலையாட்டினேன். பக்கம் புரளவில்லை. மறுபடி ஆட்டினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். கணவர் வாசிப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாயைத் திறந்தபடி, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒல்லியன் கேக்கோடு ஒரு ஏணியின்மேல் ஏறிக்கொண்டிருந்தான்.

"இஞ்சருங்கோ!" என்றேன் பல்லைக் கடித்தபடி.

"பாரும், பாரும்! ஏணியில ஏறுறான்!" என்றார் அவர்.

அதே பக்கத்தை இரண்டாம் தரம் வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசித்தேன். காலால் அவருடைய காலை இடித்தேன். நானும் அவரோடு சேர்ந்து ரசிப்பதாக நினைத்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவருடைய கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கிரிக்கெட்டில் வென்றால்கூட இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. நானே திருப்பலாம் என்று ஒரு கையை நீட்டினால், அவருடைய உடுப்புக் கிளிப் பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

நான்காம் தரமும் அதையே வாசிக்க வெட்கமாக இருந்தது. தாள் இல்லாமல் எனக்கு மனப்பாடமாக வருவது அந்தப் பெண்ணின் மெட்டு ஒன்றுதான். அதைப் பிடித்தேன். ஆனால் காட்சியோ ஓட்டம். ஆகவே வோல்ட்ஸை இரண்டு மடங்கு வேகமாக வாசித்தேன். மூன்று தட்டுத் தாளம் நின்று, குதிரை ஓடுவது போல் ஆகிவிட்டது. சின்ன வயதில் என் பியானோப் பரீட்சைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி கேட்டிருந்தால் என்னைத் திருப்பி முதலாம் தரத்துக்கு அனுப்பியிருப்பார். மண்டபத்தில் கைதட்டத் தொடங்கினார்கள். தாளத்துக்குத் தட்டினார்கள்.

ஒல்லியன் ஏணியின் உச்சியில். கேக் ஒருபக்கமாகச் சரிகிறது. மேல் தட்டு வெளியே நழுவுகிறது. அந்த இடத்தில் படம் நின்றது.

சிநேகிதியின் மடிக்கணினி உறைந்து போயிருந்தது. திரை முழுக்கச் சரிந்த கேக். எல்லாரும் "ஆ!" என்று கத்தினார்கள். சிநேகிதி, "ஒரு நிமிசம், ஒரு நிமிசம்" என்று இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டு கணினிப் பக்கம் ஓடினார். நிறுத்துவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மெட்டை மெதுவாக்கி, மெதுவாக்கி, வாசித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது என் கணவர் எழும்பினார். கூட்டங்களில் வாய் திறக்காத மனிதர். எங்கள் மகளின் கலியாணத்தில் நன்றியுரையை என் தம்பிதான் சொன்னான். அவர் திரைக்குக் கிட்டப் போய், சரிந்த கேக்கைக் கையால் காட்டினார்.

"இது விழும். இந்தச் சரிவில நிக்கவே ஏலாது. பாரம் முழுக்க இந்தப் பக்கம். இன்னும் ஒரு படி வைச்சால் சரி." பிறகு அதையே சிங்களத்திலும், "மேக்க வட்டெனவா, ஷுவர்!" என்று சொன்னார்.

பின்வரிசையிலிருந்து ஒரு சிங்களக் கிழவர் இல்லையென்று தலையாட்டி "நே, நே!" என்றார். முன்வரிசையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா, "விழாது மகன். அவன் அந்தப் பிள்ளையில உயிரா இருக்கான். விடமாட்டான்" என்றார்.

"அம்மா, உயிரா இருந்தாலும் பாரம் பாரம்தானே!"

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. விழும் என்பவர்கள் கையை உயர்த்தினார்கள். விழாது என்பவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். கீழ்மாடி அம்மா விழாது கட்சி. "நீங்க கட்டின பாலம் நிக்குதுதானே, கேக்கும் நிக்கும்!" என்று இருந்த இடத்திலிருந்து சொன்னார். அந்த அமளிக்குள் இன்னொரு சத்தமும் கேட்டது. முதலில் எங்கிருந்து என்று பிடிபடவில்லை. பிறகு விளங்கியது. படம் தொடங்கியதிலிருந்து இருபது தடவையாவது கேட்டுவிட்ட மெட்டை முன்வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வார்த்தை இல்லை. "ம்ம், ம்ம்" என்று வாயை மூடிக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் நடு வரிசையும் சேர்ந்தது. சத்தம் தராத அந்தக் கட்டை வரும் இடத்தில் அவர்களே அந்தச் சுரத்தைப் பாடிவிட்டதால் எனக்குச் சிரிப்பு வந்தது.

படம் ஒரு உலுக்கலோடு மறுபடி ஓடியது. கேக் விழவில்லை. ஒல்லியன் ஏணியோடு சேர்ந்து சரிந்து, அடுத்த வீட்டுப் பல்கனியில் இறங்கி, அங்கிருந்து நேராகக் கலியாண வீட்டுக்குள் நடந்து போனான். வெள்ளைச் சேலை அம்மா எழும்பி நின்று கைதட்டினார். என் கணவர் தலையில் கை வைத்தார். பெண் தடியனை விட்டுவிட்டு ஒல்லியனோடு ஓடினாள். கடைசிக் காட்சியில் இருவரும் கடற்கரையில் இருந்து கேக்கைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டார்கள். நான் அவளுடைய மெட்டை முறைப்படி மூன்று தட்டுத் தாளத்தில் வாசிக்க, மண்டபம் முழுக்க முணுமுணுத்தது.

விளக்குப் போட்டதும் கட்லட்டும் தேநீரும் வந்தன. பியானோக்காரியிடம் நாலு பேர் வந்து பேசினார்கள். என் கணவரைச் சுற்றி இருபது பேர். அந்த "நே, நே" கிழவர் அவருடைய தோளில் கை போட்டுக்கொண்டு இரண்டாவது கட்லட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிநேகிதி என்னிடம் வந்து, "டீச்சர், அடுத்த மாதமும் நீங்க ரெண்டு பேரும் வாறீங்க" என்றார். இந்த முறையும் கேள்வி இல்லை.

திரும்பி வரும் ஓட்டோவில் நான் கோபப்படுவதற்கு ஆயத்தமாகத்தான் ஏறினேன். நாற்பத்தாறு பக்கத்தில் கடைசிப் பதினைந்து பக்கம் கிளிப் போட்டபடியே கிடந்தது என்று சொன்னேன்.

"ஓம், தெரியும்" என்றார். பிறகு, "நீர் இவ்வளவு நல்லா வாசிப்பீர் எண்டு எனக்குத் தெரியாது" என்றார். "பக்கம் திருப்பேக்க நான் பாட்டைக் கேக்கேல்லை. நாடியைத்தான் பாத்தனான்."

கீழ்மாடி அம்மா கடல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்பது தோள் ஆடியதில் தெரிந்தது. என்னால் அதற்குப் பிறகு கோபப்பட முடியவில்லை. பம்பலப்பிட்டி தாண்டியதும், "ஆனா அந்தச் சரிவில நிக்க ஏலாது. அது படத்துக்காகச் செய்த ஏதோ வேலை. உள்ளுக்குக் கம்பி இருந்திருக்கும்" என்று தொடங்கினார். வெள்ளவத்தை வரைக்கும் கம்பிதான்.

அடுத்த கிழமை ஒரு காலை, நான் பியானோவில் இருந்தபோது கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் கொப்பியும் பென்சிலும். இசைத்தாளில் இருந்த சுரக்குறிகளைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த உள்ளீடு இல்லாத முட்டை எவ்வளவு நேரம்? கறுப்பு முட்டை எவ்வளவு?"

சொன்னேன். கொப்பியில் எழுதிக்கொண்டார். அரை, கால், அரைக்கால் என்று எல்லாம் பின்னமாகத்தான் வருகிறது என்று கண்டதும் அவருக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. இரண்டு கிழமையில் என் விரலுக்கு முன்னால் அவருடைய கண் ஓடத் தொடங்கியது. இப்போது நான் தலையாட்டத் தேவையில்லை. உரிய இடத்தில் பக்கம் தானாகப் புரள்கிறது. ஒரு கரைச்சல் மட்டும்தான் மிச்சம். எந்தச் சுரம் எப்போது வருகிறது என்று தெரிந்துவிட்டதால் அவர் கூடவே பாடுகிறார். நேரம் சரியாக இருக்கிறது. சுரம் ஒன்றுகூடச் சரியில்லை. நேற்றுக் கீழ்மாடி அம்மா லிப்ட்டில் என்னைப் பிடித்து, "டீச்சர், புதுசா ஒரு கள்வர் பாட்டு வந்திருக்கா?" என்று கேட்டார். இல்லை, அது காதல் பாட்டு என்று சொன்னேன்.